பழுதுபார்த்த பிறகு ஏன் கெடுகிறது? சுண்ணாம்புக் கட்டடங்களும் சிமெண்ட் பூச்சும்

தமிழ்நாட்டில் நூறு வருடத்துக்கு மேல் நிற்கும் செங்கல் கட்டடம் எதை எடுத்தாலும், அது அநேகமாகச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாகத்தான் இருக்கும். செட்டிநாட்டு வீடுகள், கோயில் கோபுரங்களின் மேல்நிலைகள், மதுரை திருமலை நாயக்கர் மகால், சென்னை சேப்பாக்கம் அரண்மனை, புதுச்சேரி, தரங்கம்பாடித் தெருக்களின் பழைய வீடுகள் எல்லாம் இந்த வகை. இவற்றில் இன்று நாம் பார்க்கும் சேதத்தில் பெரும்பங்கு முதுமையால் வந்ததில்லை. கடந்த ஐம்பது, அறுபது வருடங்களில் நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பால் வந்தது.

வழக்கமாக நடப்பது இதுதான். அடிச்சுவரில் ஓதம் ஏறிக் காரை பொரிந்து உதிர்கிறது. தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குப் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, 1:4 சிமெண்ட் கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு நாலு பங்கு மணல்) பூசி, மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். ஒரு வருடம் சுவர் பளிச்சென்று இருக்கும். இரண்டு மழைக்காலம் கழிந்ததும், புதுப்பூச்சு முடிந்த கோட்டுக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த பழைய காரை உப்பத் தொடங்கும். கீழே சிமெண்ட் பூசிய பகுதியை விரல் மடக்கித் தட்டினால் உள்ளே கூடாக ஒலிக்கும். உளி வைத்து நெம்பினால் பூச்சு பலகை பலகையாகக் கழன்று வரும். அதன் முதுகில் பஞ்சுபோல் வெள்ளை உப்பு ஒட்டியிருக்கும். பின்னால் இருக்கும் செங்கல் ஓர் அங்குல ஆழத்துக்குச் சிவப்பு மாவாகி, விரலால் வழித்தெடுக்கும் நிலைக்கு வந்திருக்கும்.

அந்தச் செங்கல்லைத் தின்றது ஓதம் மட்டும் அல்ல. பழைய கட்டடங்களில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. நிலத்து ஈரம் நுண்துளைகள் வழியே சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரையும் வெள்ளையடிப்பும் இருந்தவரை அந்த ஈரம் ஏறிய இடத்திலேயே ஆவியாகி வெளியேறியது. எவ்வளவு ஏறியதோ அவ்வளவு போயிற்று. அடர்த்தியான சிமெண்ட் பூச்சும் அதன்மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயிண்டும் அந்த வழியை அடைத்தவுடன், ஈரம் வேறு வழி தேடி இன்னும் மேலே ஏறுகிறது. தண்ணீரோடு வந்த உப்பு, எங்கே தண்ணீர் ஆவியாகிறதோ அங்கே தங்குகிறது. முன்பு அது காரையின் வெளிமுகத்தில் தங்கியது, துடைத்தால் போயிற்று. இப்போது பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே தங்கிப் படிகமாகி, செங்கல்லின் துளைச் சுவர்களை உள்ளிருந்து உடைக்கிறது.

உப்பின் வகையைப் பொறுத்து சேதத்தின் வேகம் மாறும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே போனால் மறுபடி படிகமாகும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் பல நாட்களில் இரவில் இந்த அளவுக்கு மேலும் பகலில் கீழும் போய்வருகிறது. ஆக, உப்பு ஏறிய சுவரில் மழையே இல்லாவிட்டாலும் உடைப்பு நடந்துகொண்டே இருக்கும். சோடியம் சல்பேட் இதைவிட மோசம். நீரற்ற நிலையிலிருந்து நீரேறிய படிகமாக மாறும்போது அதன் கன அளவு மூன்று மடங்குக்கு மேல் பெருகும். நீரில் கரையும் சோடியம், பொட்டாசியம் உப்புகள் சிமெண்ட்டிலேயே உண்டு என்பதை மறக்கக் கூடாது. பூசும்போதே நோய்க்கு விதை போடுகிறோம்.

இரண்டாவது காரணம் கடினம். 1:4 சிமெண்ட் கலவையின் அழுத்த வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 7 நியூட்டனுக்கு மேல் போகும். 1:3 சுண்ணாம்புச் சாந்து 1 முதல் 2 நியூட்டன்தான். கேட்டால் சிமெண்ட்தான் மேல் என்று தோன்றும். ஆனால் பழைய சூளைச் செங்கல் மென்மையானது; வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்குவது. செங்கல்லைவிடச் சாந்து மென்மையாக இருந்தால் அசைவு முழுவதும் இணைப்புகளில் மயிரிழை விரிசல்களாகப் பரவிப் போகும். சுண்ணாம்பில் அந்த மயிரிழைகள் தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு. மழைநீர் கரைத்த சுண்ணாம்பு விரிசலில் மறுபடி படிந்து இறுகும். சாந்து கல்லைவிடக் கடினமானால் உடைவது கல்தான். சாந்தை மறுபடி வைக்கலாம். 1700-களில் சுட்ட கல்லை மறுபடி சுட முடியாது.

எது இடம் கொடுக்கிறதோ அது மலிவான, மாற்றத்தக்க பொருளாக இருக்க வேண்டும். பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் எந்தப் பொருளைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

இனி சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். தூய கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதை நீற்றினால் தண்ணீரை ஏற்று 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் வைத்த பிறகு அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெதுவாக ஏற்றுத் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. இந்தக் கடைசிப் படி வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி, தொடக்கத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் நகரும். ஆழம் போகப் போக இன்னும் மெதுவாகும். அதற்குச் சாந்தில் ஈரம் வேண்டும், ஆனால் துளைகள் நீரால் அடைபட்டிருக்கவும் கூடாது. காய்ந்துபோனால் மாற்றம் நின்றுவிடும். அப்படி நின்ற பூச்சு பார்க்க வெள்ளையாக இருக்கும். நகத்தால் கீறினால் மாவாக வரும். புதிதாக உடைத்த முகத்தில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் இறுகாத பகுதி ஊதாச் சிவப்பாக மாறும், இறுகிய பகுதி நிறம் மாறாது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். மேற்பார்வைப் பொறியாளரின் பையில் அந்தக் குப்பி எப்போதும் இருக்க வேண்டும்.

நீற்றும்போது சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும் சுண்ணாம்பு கண்ணைப் பறித்துவிடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நல்ல சுட்ட சுண்ணாம்பு சில நிமிடங்களில் சீறிக் கொதிக்கும். நேரம் கழித்துச் சோம்பலாகச் சூடேறினால் அது சரியாகச் சுடாதது, இல்லை சாக்கிலேயே பழசாகிப் பாதி செத்தது. நீற்றிய கூழை மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கத் தொட்டியில் வைக்க வேண்டும். குறைந்தது சில வாரங்கள். பூச்சுக்கு என்றால் சில மாதங்கள். இந்தக் காத்திருப்பை விட்டுவிட்டால், நீறாத சிறு கட்டிகள் சுவரில் ஏறிய பிறகு நீறத் தொடங்கிப் பூச்சை அம்மைத் தழும்புபோல் வெடிக்க வைக்கும். கடைகளில் மூட்டையில் கிடைக்கும் நீற்றுத்தூள் அவசரத்துக்கு உதவும்தான். ஆனால் மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்த மூட்டை பாதி கல்மாவாகியிருக்கும்; அதில் பசை இருக்காது.

இந்த இடத்தில் கடுக்காயைப் பற்றிப் பேசியாக வேண்டும். பழங்காலக் கட்டடம் என்றாலே கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்றுதான் செய்திகள் வருகின்றன. மெட்ராஸ் சுண்ணப்பூச்சின் பளபளப்புக்கும் செட்டிநாட்டுச் சுவர்களின் வழவழப்புக்கும் இவை காரணம் என்ற பேச்சு பாதி உண்மை. கருப்பட்டியின் சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைய வைக்கிறது, கலவைக்குத் தேவையான தண்ணீரைக் குறைக்கிறது, இறுகுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே விரிசல் குறையும். அளவு மீறினால் சாந்து வாரக்கணக்கில் இறுகவே இறுகாது. கடுக்காயில் துவர்ப்புச் சத்து உண்டு. ஊறிப் புளிக்கும்போது கரியமில வாயுவும் வெளிவரும். முட்டையின் புரதம் நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் பிடித்துவைத்து, மேல்முகத்துக்குக் கொஞ்சம் நீர் விலக்கும் தன்மை தருகிறது. இவை எல்லாமே துணைச் சரக்குகள். சுட்டது சரியில்லை, நீற்றியது சரியில்லை, மணலில் களிமண் இருக்கிறது, ஈரம் காக்கவில்லை என்றால் ஆயிரம் முட்டை உடைத்தாலும் பூச்சு நிற்காது. சுண்ணாம்பைப் பாதி குறைத்துச் சிமெண்ட்டைக் கலந்துவிட்டு, மேலே கடுக்காய்த் தண்ணீர் தெளித்து 'பாரம்பரிய முறை' என்று பில் போடும் வேலைகளும் நடக்கின்றன. அந்தக் கலவை இரண்டு பொருள்களின் குறைகளையும் சேர்த்துக்கொண்டு வருவது.

உண்மையில் தண்ணீருக்குத் தாங்கும் வலிமையைத் தந்தது செங்கல் தூள். சுர்க்கி என்று வேலைக்காரர்கள் சொல்லும் இந்தத் தூளின் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து, காற்று படாத இடத்திலும் இறுகும் சேர்மங்களை உண்டாக்குகின்றன. அடித்தளம், குளக்கரை, தளம் ஆகியவற்றில் சுர்க்கி இல்லாமல் வெறும் சுண்ணாம்பு போதாது. எந்தச் செங்கல் என்பதுதான் முக்கியம். களிமண் 600 முதல் 800 டிகிரிவரை வெந்தபோதுதான் தூள் நன்றாக வினைபுரியும். இன்றைய இயந்திரச் செங்கல் அதிகச் சூட்டில் கண்ணாடிபோல் இறுகியது. அதன் உடைசல்களை அரைத்தால் கிடைப்பது சிவப்பு மணல், அவ்வளவே. நாட்டுச் சூளையின் ஓரத்தில் வேகக் குறைந்த செங்கல்லைத் தேடி எடுத்து அரைப்பதுதான் சரி.

வேலை தொடங்கும் முன் நோயறிய வேண்டும். புதிய கருவிகள் மிகவும் உதவுவது இந்தக் கட்டத்தில்தான். லேசர் வருடி ஒரே நாளில் கோபுரத்தின் சாய்வையும் சுவரின் தொந்தியையும் மில்லிமீட்டர் அளவில் பதிவுசெய்துவிடும். வெப்பப் படக்கருவி ஈரமான இடத்தையும் பூச்சுக்குப் பின்னால் மூடிய சன்னலையும் காட்டும். தரை ஊடுருவும் ரேடார் சுவருக்குள் உள்ள வெற்றிடத்தையும் புதைந்த இரும்பையும் சொல்லும். சென்னை ஐஐடியில் பாரம்பரியக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கென்று தனி தேசிய மையமே இருக்கிறது. ஆனால் படம் எடுத்ததும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வெப்பப் படத்தில் குளிர்ந்து தெரியும் இடமெல்லாம் ஈரம் என்று சொல்ல முடியாது. மரக்கிளை நிழலும் அப்படித் தெரியும். துளையிட்டு எடுத்த தூளை எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோட்டுப் பார்த்த ஈர அளவுதான் நம்பத்தக்கது. அந்தத் துளையை உயரவாரியாக 30 செ.மீ.க்கு ஒன்றென எடுத்தால், ஈரம் கீழிருந்து வருகிறதா, கூரையிலிருந்து வருகிறதா என்பது தெளிவாகிவிடும். உடைந்த மழைநீர்க் குழாயை மாற்றினால் தீர்ந்துபோகும் நோய்க்கு லட்சக்கணக்கில் செலவழித்துச் சுவருக்குள் ஈரத்தடுப்பு ரசாயனத்தை ஊசிபோல் ஏற்றுவது இந்தச் சோதனையைச் செய்யாததால்தான்.

பழைய சாந்தின் விகிதம் அறிய, கைப்பிடியளவு மாதிரியை மெல்ல உடைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட வேண்டும். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் தங்கும். எடை பார்த்து விகிதம் கணக்கிடலாம். கடலோரக் கட்டடங்களில் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். மணலோடு கிடந்த கிளிஞ்சல் துண்டுகளும் சேர்ந்து கரைந்துவிடுவதால், சுண்ணாம்பு இருந்ததைவிட அதிகமாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் முதலில் பார்த்துவிட்டே அமிலத்தில் போட வேண்டும். விரிசல்களுக்கு அவசரமே கூடாது. கண்ணாடி வில்லையோ அளவுகோலோ ஒட்டித் தேதி எழுதி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முழுதாகக் கடக்கும்வரை படிக்க வேண்டும். பருவத்தோடு திறந்து மூடும் விரிசலும், ஒரே திசையில் விரிந்துகொண்டே போகும் விரிசலும் வேறு வேறு. முதலாவதை மென்மையான சாந்தால் அடைத்தால் போதும். இரண்டாவதற்குக் காரணத்தை அடித்தளத்தில் தேட வேண்டும்.

உப்பேறிய சுவரைச் சரிசெய்யும் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் வெளியே: மழைநீர் சுவரோரம் நிற்காமல் ஓட வைப்பது, பிற்காலத்தில் உயர்ந்துவிட்ட சாலையும் முற்றமும் சுவரை மூடியிருந்தால் தரையைத் தாழ்த்துவது. சிமெண்ட் நடைபாதை சுவரை ஒட்டி இருந்தால் ஓர் அடி அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சரளை நிரப்புவது. பிறகு சிமெண்ட் பூச்சை உளியாலும் சுத்தியாலும் கழற்ற வேண்டும். பழைய காரையும் ஈரக்கோட்டுக்கு மேலே அரை மீட்டர்வரை போக வேண்டும். இணைப்புகளை அவற்றின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்குக் கையால் சுரண்ட வேண்டும். அறுக்கும் இயந்திரத்தை அனுமதித்தால், ஒரே மதியத்தில் எல்லாக் கற்களின் விளிம்பும் போய்விடும். வெளிவந்த உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளி, அள்ளி, இடத்தைவிட்டே அகற்ற வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். ஆழத்தில் உள்ள உப்புக்கு, காகிதக் கூழும் களிமண்ணும் காய்ச்சி வடித்த நீரில் பிசைந்து இரண்டு செ.மீ. கனத்தில் அப்பி, அது காய்ந்து சுருங்கிக் கழலும்வரை விட்டு, எடுத்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். எடுத்த பற்றில் உப்பின் அளவு குறைந்துகொண்டே வருகிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் சோதிக்க வேண்டும்.

அதன்பின் சுவரைத் திறந்தபடி விட்டுவைக்க வேண்டும். அரை மீட்டர் கனமுள்ள சுவர் உலர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். பெரும்பாலான வேலைகள் தோற்பது இந்த இடத்தில். திறப்பு விழாத் தேதி ஏற்கெனவே குறித்தாயிற்று, செங்கல் தெரியும் சுவரை யாரும் பார்க்க விரும்பவில்லை என்பதற்காக ஈரச்சுவரில் பூசிவிடுகிறார்கள். காத்திருக்கவே முடியாது என்றால், சுண்ணாம்பும் பருமணலும் கலந்த, துளைகள் நிறைந்த தியாகப் பூச்சு ஒன்றைப் போடலாம். உப்பு அதில் வந்து தங்கட்டும். இரண்டு மூன்று வருடத்தில் அதை உதிர்த்துவிட்டு இறுதிப் பூச்சைப் பூசலாம். இதை முதலிலேயே எழுத்தில் சொல்லி வைக்காவிட்டால், பூச்சு உதிர்ந்ததும் ஒப்பந்ததாரரின்மேல் பழி வரும்.

இறுதிப் பூச்சில் ஓர் அடுக்கு 10, 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அடுத்த அடுக்குக்கு முன் அடிப்பூச்சு கீறி வைத்து இறுக வேண்டும். சுவரை முந்தைய நாளே நனைக்க வேண்டும்; வறண்ட செங்கல் சாந்தின் நீரை ஒரே இழுப்பில் குடித்துவிடும். நனைத்த சாக்குத் துணி குறைந்தது ஒரு வாரம் தொங்க வேண்டும். சித்திரை வெயிலில் பந்தல் இல்லாமல் சுண்ணாம்பு வேலை செய்வது வீண். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை முதல் பங்குனிவரை நல்ல காலம்.

சுவரைவிட ஆபத்தானது கூரை. மெட்ராஸ் டெரஸ் என்ற அமைப்பில், சுமார் ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகள். அவற்றின்மேல் 15க்கு 7.5க்கு 2.5 செ.மீ. அளவுள்ள சிறு அச்சுக்கற்களைக் கட்டைகளுக்குச் சாய்கோணத்தில், விளிம்பு நிமிர்த்தி, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் முட்டுப்பலகை கிடையாது. கல்லைச் சாந்தில் தோய்த்து முன்கல்லோடு அழுத்திப் பிடித்தால் அது ஒட்டி நிற்க வேண்டும். சாந்தின் பசையும் கொத்தனாரின் கைப்பழக்கமும் அந்தச் சில விநாடிகளில் தெரிந்துவிடும். கற்களின்மேல் செங்கல் ஜல்லிக் கலவை. பொதுப்பணித் துறை விதிப்படி 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. அதைப் பரப்பியபின் வரிசையாக உட்கார்ந்து மரத்தட்டுக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அடிக்கும்போது தெளிக்கவேண்டிய கடுக்காய்த் தண்ணீருக்கும் இந்தியத் தர விதிமுறையில் அளவு உண்டு. 10 சதுர மீட்டருக்கு 40 லிட்டர் தண்ணீர், அதில் உடைத்த கடுக்காய் 600 கிராம், வெல்லம் 200 கிராம், அரை நாள் முதல் ஒரு நாள்வரை ஊறல். அடிக்கும் கட்டை பள்ளம் பதிக்காமல் எகிறத் தொடங்கினால் தளம் இறுகியது என்று பொருள். அதன்மேல் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்து, நீர் ஓட வாட்டம் கொடுத்து முடிப்பார்கள்.

இந்தக் கூரை ஒழுகினால், காரணம் பெரும்பாலும் தட்டோட்டின் இணைப்பு, கைப்பிடிச் சுவர் சேரும் மூலை, அடைபட்ட நீர்த்தூம்பு ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். மூன்றும் சில ஆயிரம் ரூபாய் வேலை. நடப்பதோ வேறு. ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஓர் அங்குல சிமெண்ட் தளம் ஏற்றுகிறார்கள். ஓர் அங்குலம் என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ. மூன்று முறை ஏற்றினால் 150. அதோடு ஒரு நான்கங்குல கான்கிரீட் பலகையையும் போட்டுவிட்டால் சதுர மீட்டருக்கு இன்னும் 250 கிலோ. இருபதடிக்குப் பதினைந்தடி அறையில் அந்தப் பலகை மட்டும் 7 டன். கட்டைகளின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரமும் கரையானும் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்க, மேலே எடை ஏறிக்கொண்டே போகிறது. டெல்லி ஹுமாயூன் சமாதியில் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை செய்த புதுப்பித்தலில், இருபதாம் நூற்றாண்டில் கூரைமேல் கொட்டிய கான்கிரீட்டைக் கையாலேயே உடைத்து எடுத்தார்கள். சுமார் 10 லட்சம் கிலோ இறங்கியது. புதுச்சேரியில் கடற்கரையோர மேரி கட்டடத்தை, அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மன்றத்தை, காப்பாற்ற முடியவில்லை. பழுதடைந்து கிடந்த அது 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. இப்போது அங்கே நிற்பது பழைய முகத்தோற்றத்தில் எழுப்பிய புதுக் கட்டடம்.

கட்டையின் முனை மட்டும் உளுத்திருந்தால் முழுக் கட்டையையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. துளைத்துத் தடையளக்கும் கருவியால் எதுவரை உளுத்திருக்கிறது என்று பார்த்து, அதுவரை அறுத்து, அதே வகைத் தேக்கைச் சாய்வெட்டில் இணைத்து, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் முடுக்கலாம். முனை சுவருக்குள் போகும் குழியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட வேண்டும். 2012 ஜனவரியில் தீப்பிடித்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு முறையிலேயே மீட்டுக் கொடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. அரசுத் துறையால் முடியாது, ஆள் கிடைக்காது என்ற பேச்சுக்கு அந்தக் கட்டடம் போதுமான பதில்.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கல்லுக்குள் புதைந்த இரும்புப் பட்டை கல்லைப் பிளந்துவிடும். பண்டைக் கிரேக்கர்கள் ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் இரும்புப் பட்டைகளை ஈயத்தில் பொதித்து வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பழுதுபார்த்தவர்கள் ஈயமில்லாமல் வெற்றிரும்பை வைத்தார்கள். அது பிளந்த பளிங்கைச் சரிசெய்ய இன்று டைட்டானியம் பொருத்துகிறார்கள். நம் கடலோரங்களில் துருப்பிடிக்காத 316 தர எஃகுக்குக் குறைந்த எதையும் கல்லுக்குள் வைக்கக் கூடாது. புதிய பொருள் பழையதைவிடச் சிறப்பாகச் செயல்படும் இடங்களில் இது ஒன்று. அங்கே பாரம்பரியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை. நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964 வெனிஸ் சர்வதேச சாசனமும், மரபு முறை போதாத இடத்தில் நிரூபிக்கப்பட்ட நவீன முறையைப் பயன்படுத்தலாம் என்றே சொல்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கருவறைச் சுற்றில் சோழர் ஓவியங்களின்மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டியிருந்தார்கள். அடியில் சோழ ஓவியம் இருப்பது 1931-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மேலடுக்கை அழித்துத்தான் கீழடுக்கைப் பார்க்க முடியும் என்ற நிலையில், தொல்லியல் துறை நாயக்கர் ஓவியங்கள் பதினாறைக் காரையோடு அப்படியே உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்திக் காப்பாற்றியது. இரண்டு காலமும் மிஞ்சின. பசை, இழை, கரைப்பான் பற்றிய நவீன அறிவு இல்லாமல் இது நடந்திருக்காது.

கோபுரங்களில் முதல் எதிரி அரச மரம். காக்கை எச்சத்தில் வந்த விதை சுதையின் இடுக்கில் முளைத்து, வேர் செங்கல் இணைப்புகளுக்குள் கையளவு பருத்துவிடும். செடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. வேரோடு கட்டும் வரும். தண்டை அறுத்து, அறுத்த முகத்தில் துளையிட்டுக் களைக்கொல்லி ஊற்றி மூடி, வேர் செத்துச் சுருங்கியபின் எடுத்து, விட்டுப்போன குழிக்குள் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த குழம்பைக் குறைந்த அழுத்தத்தில், கீழிருந்து மேலாகச் செலுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் குழம்பே சுவரைப் பிதுக்கிவிடும். 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரம், வெளியே தெரிந்த விரிசலோடு நெடுங்காலம் நின்று, 2010 மே 26 இரவு விழுந்தது. அந்த அளவு பெரிய விரிசலை வண்ணம் அடித்து மூடுவது எத்தனை பெரிய குற்றம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கற்றளிகளில், அதாவது கல்லால் கட்டிய கோயில்களில், நடக்கும் சேதம் இன்னொரு வகை. மணல் வீச்சில் சுத்தம் செய்தால் ஆயிரம் வருடம் பதப்பட்ட மேல்தோல் போய், கல்வெட்டு எழுத்தின் விளிம்பு மழுங்கும். பழைய கற்பாவல் தரையின்மேல் பளபளக்கும் பலகைக் கல்லைச் சிமெண்ட்டில் பதித்தால், தரை வழியே போன ஈரம் தூண்களிலும் சுவரிலும் ஏறும். குடமுழுக்குத் திருப்பணியில் இப்படி அழிந்தவை ஏராளம். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று கோயில் பாதுகாப்புக்கு 75 வழிகாட்டுதல்களை விதிக்க நேர்ந்ததற்கு இந்தப் பின்னணி உண்டு. மறுபக்கம், ஸ்ரீரங்கம் 2017-லும், கும்பகோணம் அருகே துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயில் 2024-லும் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றன. ஸ்ரீரங்கத்தில் பாராட்டுப் பெற்றவற்றில் ஒன்று, பழைய மழைநீர் வடிகால்களை மீட்டு ஓடவிட்டது.

ஒப்பந்தப் புள்ளியில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. சதுர அடிக் கணக்கில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை, ஆறு மாதத்தில் முடிவு என்று எழுதிவிட்டால், நீற்றி வைக்கவோ சுவர் உலரவோ அதில் இடமே இல்லை. ஒப்பந்ததாரர் சிமெண்ட்டை நாடத்தான் செய்வார். சுண்ணாம்பு நீற்றுத் தொட்டியைப் பணியின் முதல் இனமாக, தனித் தொகையோடு எழுத வேண்டும். உலர்த்தும் காலத்தை அட்டவணையில் வேலை நாளாகவே காட்ட வேண்டும். அறைக்கு ஒரு சதுர மீட்டர் மாதிரிப் பூச்சுப் போட்டு, ஒரு மழைக்காலம் பார்த்து, அதன்பின்தான் மொத்த வேலைக்கு ஒப்புதல். முடிந்ததும் எந்தச் சுவரில் எந்தக் கலவை, எந்தச் சூளைச் சுண்ணாம்பு, எந்த ஆற்று மணல், எத்தனை நாள் ஈரம் காத்தது என்ற பதிவேடு கட்டடத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆவணியிலும் கூரையேறித் தூம்பை அள்ளி, தட்டோட்டு இணைப்பைப் பார்த்து, முளைத்த செடியை விரல் நீளத்திலேயே எடுக்க இருவருக்கு இரண்டு நாள் கூலியும் அதே மதிப்பீட்டில், அடுத்த பத்து வருடத்துக்கும் சேர்த்து ஒதுக்கப்பட வேண்டும்.